கூரையில் ஒரு குரங்குமுகச் சோழன்

குறுவை அறுப்பு ஒரு பக்கம், தாளடி நடவு ஒரு பக்கம், எப்போது கொட்டுமோ என்று மிரட்டும் மழை ஒரு பக்கம். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மாலைப்பொழுதை எடுத்து ஓர் ஓவியருக்காக இந்த மண்டபத்தை நிறைத்திருக்கிறீர்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட ஓவியர்? பள்ளிப் பாடப் புத்தகத்தில் இல்லாதவர். தபால்தலையில் இல்லாதவர். தஞ்சையிலோ திருவாரூரிலோ ஒரு தெருவுக்குக்கூடப் பெயராக வைக்கப்படாதவர். அவர் பெயர் சிங்காதனம்.

இன்றைய பேச்சு அவரைப் பற்றியது. அவர் திருவாரூர்த் தியாகராசர் கோயிலில், தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு வேடிக்கையான அரசனைப் பற்றியது. உடம்பெல்லாம் நகை, தலையில் மகுடம், பின்னால் படை பரிவாரம், எல்லாம் உண்டு. முகம் மட்டும் குரங்கு முகம்.

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் எல்லார் கண்ணிலும் ஒரே படம்தான் வரும். பலகை, அதில் ஒட்டிய துணி, சுக்கான் மாவு, தங்க ரேக்கு, பதித்த கல், நடுவில் வெண்ணெய் உருண்டையோடு கொழுகொழு கண்ணன். அது அழகு, அதில் சந்தேகமில்லை. கல்யாண வீட்டுப் பரிசுப் பட்டியலில் அது நிலையாக இடம் பிடித்துவிட்டது. ஆனால் அந்தப் பலகைப் படங்கள் பிரபலமாவதற்கு முன்னாலேயே, இந்தத் தஞ்சையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில், ஓடம்போக்கி ஆற்றங்கரை ஊரில், ஒருவர் சாரத்தின் மேல் ஏறித் தலையை அண்ணாந்து ஒரு முழுக் கதையையே கூரையில் எழுதிக்கொண்டிருந்தார். காலம் ஏறக்குறைய 1700. தஞ்சையை மராட்டிய மன்னர் சகஜி ஆண்டுகொண்டிருந்தார்.

அந்தக் கூரையைப் பார்ப்பதற்கு முன் கதையைக் கேட்டுவிடலாம். டெல்டாக்காரர்களுக்கு இது பாட்டி சொன்ன கதை. இருந்தாலும் இன்னொரு முறை கேட்டால் குறைந்தா போய்விடும்?

கயிலாயத்தில் ஒரு வில்வ மரம். மரத்தடியில் அம்மையும் அப்பனும். மரத்தின் மேலே ஒரு முசு. முசு என்றால் கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள குரங்கு. சங்கப் பாட்டுகளிலேயே வருகிற பழைய தமிழ்ச் சொல். குரங்கின் கை சும்மா இருக்குமா? இலையைப் பறிக்கிறது, கீழே போடுகிறது. பறிக்கிறது, போடுகிறது. விடிய விடிய இதே வேலை. இலை போய் விழுகிற இடம் எது? இறைவன் மேனி. குரங்கு செய்தது சேட்டை. கணக்கில் ஏறியதோ வில்வ அர்ச்சனை. உலகை ஆளும் அரசனாகப் பிறப்பாய் என்று வரம் கிடைக்கிறது.

வரம் வாங்கிய குரங்கு உடனே ஒரு விண்ணப்பம் வைக்கிறது. பிறக்கிறேன், ஆனால் முகம் இப்படியே இருக்கட்டும். அரச போகத்தில் வந்த வழி மறந்துவிடக் கூடாது என்பது அதன் கவலை. அப்படிப் பிறந்தவன்தான் முசுகுந்தச் சோழன். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. அதற்கும் வெகு காலம் முன்னால், சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாளங்காடியில் காவல் நிற்கும் பூதம்கூட முசுகுந்தனுக்கு இந்திரன் கொடுத்து அனுப்பியதுதான். காவிரி கடலோடு கலக்கிற இடத்திலிருந்தே இந்தப் பெயர் இந்த மண்ணில் புழங்கி வந்திருக்கிறது.

கதையின் இரண்டாம் பாதி இன்னும் சுவை. அசுரர்களோடு போர் செய்து களைத்த இந்திரனுக்கு முசுகுந்தன் உதவிக்குப் போகிறான், வெல்கிறான். என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்கிறான். இவன் பொன்னைக் கேட்கவில்லை, பொருளைக் கேட்கவில்லை. நீ பூசை செய்கிறாயே, அந்தத் தியாகராசரைக் கொடு என்கிறான். அது திருமால் பாற்கடலில் படுத்தபடி மார்பில் வைத்து வழிபட்ட மூர்த்தி. திருமாலின் மூச்சு ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி ஆடிய மூர்த்தி. ஆரூரில் அஜபா நடனம் என்று சொல்வது அந்த ஆட்டத்தைத்தான். கொடுக்க மனம் வருமா? இந்திரன் தேவதச்சனைக் கூப்பிடுகிறான். அதே போல ஒன்று செய் என்கிறான். அச்சு அசலாக ஒன்று வருகிறது. முசுகுந்தன் பார்த்துவிட்டு, இது இல்லை என்கிறான். இன்னொன்று. இதுவும் இல்லை. இப்படி ஆறு. ஏழாவதாக அசலையே கொண்டுவந்து வைக்கிறார்கள். இதுதான் என்கிறான். இந்திரன் தோற்றுப்போய் ஏழையும் கொடுத்துவிடுகிறான்.

அந்த ஏழும்தான் சப்தவிடங்கத் தலங்கள். ஆரூரில் வீதிவிடங்கர், நள்ளாற்றில் நகவிடங்கர், நாகையில் சுந்தரவிடங்கர், திருக்காறாயிலில் ஆதிவிடங்கர், திருக்குவளையில் அவனிவிடங்கர், திருவாய்மூரில் நீலவிடங்கர், வேதாரண்யத்தில் புவனிவிடங்கர். ஒரு நாள் வாடகைக் கார் எடுத்தால் ஏழையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதாவது, இந்திரன் செய்வித்த ஆறு நகல்களுக்கும் நம் ஊரில் தனித்தனியாகக் கோயில் உண்டு, பூசை உண்டு, ஆளுக்கொரு நடனமும் உண்டு.

இந்தக் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இது பக்திக் கதைதான். அதே சமயம் இது சிற்பத்தைப் பற்றிய கதையும் அல்லவா? அசல் எது, நகல் எது, எப்படிக் கண்டுபிடிப்பது? உலகத்திலேயே கைதேர்ந்த தச்சன் ஆறு முறை செய்கிறான். ஆறு முறையும் பிடிபடுகிறான். பிடிப்பவன் யார்? பண்டிதனா, சில்ப சாஸ்திரியா? குரங்கு முகம் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சோழன். இந்த நாட்டின் முதல் கலை விமர்சகன் என்று அவனைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஓவியரின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். கதாகாலட்சேபம் செய்கிறவருக்கு இந்தக் கட்டம் எளிது. குரலை ஏற்றி இறக்கி, இது போலி, இது அசல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தூரிகை பிடித்தவர் என்ன செய்வார்? ஏழும் ஒரே கையால், ஒரே சாயத்தால் எழுதப்பட வேண்டியவை. ஏழும் ஒன்று போலவே இருந்தால்தான் கதை நிற்கும். அப்படியானால் தேவதச்சனுக்கு முடியாததை இவர் செய்தாக வேண்டும். செய்த பிறகும் ஏழில் எது அசல் என்பது பார்க்கிறவன் கண்ணுக்கு விடப்படும். எந்த ஓவியனுக்கும் கதை வைக்கிற பரீட்சை இது. சிங்காதனம் இந்தக் கதையை எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆரூர்க் கோயிலில் வேறு கதைகளுக்கா பஞ்சம்? கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை இருக்கிறது. சுந்தரர் கதை இருக்கிறது. இதே தேவாசிரிய மண்டபத்து அடியார் கூட்டத்தைக் கண்டுதான் அவர் திருத்தொண்டத்தொகை பாடினார். எல்லாவற்றையும் விட்டு, உருவம் செய்வதைப் பற்றிய கதை ஒன்று அந்தக் கூரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, கூரைக்கு வருவோம்.

தரையில் நின்று அண்ணாந்தால் முதலில் கண்ணில் படுவது சிவப்பு. காவியும் செம்மையும் கலந்த பின்புலம். அதன் மேல் வரிசை வரிசையாக மனிதர்கள், மரங்கள், யானைகள், பல்லக்குகள், தேவர்கள். படங்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் ஒரு குறிப்பு: இன்னார் இன்னாரோடு பேசுகிறது, இன்னார் எழுந்தருளுகிறது என்று. அந்தத் தமிழ் புலவர் தமிழ் அல்ல. தெருவில் பேசுகிற வாடை அடிக்கும் தமிழ். எழுத்துக்கூட்டலும் நம் பள்ளி ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மை எடுப்பார். அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இது புது விஷயம் இல்லை. படமும் கீழே ஒரு வரியும். முந்நூறு ஆண்டுக்கு முன்னால் அந்தக் கூரை ஒரு பிரம்மாண்டமான படக்கதைப் புத்தகம். பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை; நடந்துகொண்டே இருந்தால் போதும்.

இப்படிப் பட்டை பட்டையாகக் கதை சொல்லும் முறை எங்கிருந்து வந்தது? கும்பகோணம் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். கோயில்களுக்கான தொம்பைகளும் விதானத் துணிகளும் இன்றும் அங்கே கலம்காரியில் எழுதுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிவப்புத் தரை, கறுப்புக் கோடு, கட்டம் கட்டமாகக் கதை. சாமி தலைக்கு மேலே துணியில் கட்டுகிற விதானமும் சிங்காதனம் காரையில் எழுதிய விதானமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று சுருட்டி வைக்கலாம், ஒன்று முடியாது. அவ்வளவே வித்தியாசம்.

இந்திரலோகம் எப்படி இருக்கும்? சிங்காதனத்துக்கு அதில் தயக்கமே இல்லை. இந்திரலோகம் தஞ்சாவூர் மாதிரி இருக்கும். தேவர்கள் நாயக்கர், மராட்டியர் காலத்து உடுப்பு உடுத்தியிருக்கிறார்கள். தேவமாதர் புடவையும் நகையும் அன்றைய ஆரூர் வீதியில் கண்டவை. தியாகராசர் பூலோகம் வருகிற ஊர்வலத்துக்கு நம் ஊர்த் திருவிழாவில் என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு: வாத்தியக்காரர், ஆடுகிற பெண்கள், குடை, கொடி, வாணவேடிக்கை. ஆமாம், வாணவேடிக்கை! வெடிமருந்து நம் திருவிழாக்களுக்கு வந்த பிறகு தேவர்களுக்கு மட்டும் அது இல்லாமல் போகுமா என்று நினைத்திருக்கிறார். வரலாற்று மாணவர்களுக்கு இது பொக்கிஷம். தேவலோகத்தைப் பார்க்கப் போனவர்கள் பதினேழாம் நூற்றாண்டுத் திருவாரூரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

நடுவில் நம் அரசன். குரங்கு முகத்தை அரசன் உடம்பில் வைப்பது ஆபத்தான வேலை. கொஞ்சம் பிசகினால் கேலிப்படம் ஆகிவிடும். கூத்து மேடையில் முகமூடி போட்ட ஆள் மாதிரி ஆகிவிடும். சிங்காதனம் என்ன செய்தார்? அந்த முகத்துக்கு விசேஷ கவனமே கொடுக்கவில்லை. மற்ற அரசர்களுக்கு எழுதும் மகுடம், எழுதும் நகை, எழுதும் நிமிர்வு எல்லாவற்றையும் எழுதினார். முகம் வருகிற இடத்தில் முசுவின் முகத்தை எழுதினார். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். சுற்றி நிற்பவர்கள் முகத்தில் திகைப்பு எழுதப்படவில்லை. இந்திரன் முகத்தில் அடக்கிய சிரிப்பு இல்லை. பார்க்கிற நமக்குத்தான் முதலில் சிரிப்பு வருகிறது. பத்தாவது காட்சிக்குள் அந்தச் சிரிப்பு போய்விடும். இருபதாவது காட்சியில் மற்றவர்கள் முகம்தான் ஏதோ குறைபட்ட மாதிரி தோன்றும்.

விசித்திர உருவங்கள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தாராசுரத்தில் ஒரே தலையை யானையும் காளையும் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் மறைத்தால் யானை, அந்தப் பக்கம் மறைத்தால் காளை. ஒன்பது பெண்கள் வளைந்து நெளிந்து ஒரே யானையாக நிற்கிற நவநாரி குஞ்சரம் எத்தனை கோயில்களில் உண்டு! தூணுக்குத் தூண் யாளி. இந்தக் குறும்பு நம் சிற்பிகளின் ரத்தத்திலேயே இருந்தது. ஆனால் அவையெல்லாம் ஒரு கணத்து வித்தை. பார்த்து, வியந்து, நகர்ந்துவிடுவோம். முசுகுந்தன் அப்படி இல்லை. அவனோடு கதை முழுக்க நடக்க வேண்டியிருக்கிறது.

விசித்திர முகம் கொண்ட இன்னோர் அரசரைப் பார்க்கக் கடல் கடந்து ஓர் எட்டு. இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர் ஜுசெப்பே ஆர்ச்சிம்போல்டோ, 1593-இல் இறந்தார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் முகத்தைக் காய்கனிகளாலேயே எழுதியவர். மூக்குக்குப் பேரிக்காய், இமைக்குப் பட்டாணித் தோடு, கன்னத்துக்குப் பழம். பேரரசர் கோபித்துக்கொள்ளவில்லை, ரசித்தார். 1648-இல் சுவீடன் படை பிராகா நகரைக் கொள்ளையிட்டபோது அவருடைய அரண்மனைச் சேகரிப்பில் பெரும்பகுதி சுவீடனுக்குப் போனது. அந்தக் காய்கறி அரசரும் இன்று அங்கேதான் ஸ்கோக்ளோஸ்டர் மாளிகையில் இருக்கிறார். ஓவியரைப் பல தலைமுறை மறந்தே போயிற்று. 1936-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கனவுலக ஓவியங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தபோது அவரையும் அதில் சேர்த்தது. இன்று சுவரொட்டியிலும் பையிலும் காபிக் கோப்பையிலும் அந்த முகம் விற்கிறது.

ஆர்ச்சிம்போல்டோவுக்கு ஒரு வசதி. அவர் எழுதியது பலகையிலும் துணியிலும். தூக்கிக்கொண்டு போகலாம், கொள்ளையடிக்கலாம், கண்காட்சிக்கு அனுப்பலாம். சிங்காதனம் எழுதியதைத் தூக்க முடியாது. அது எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போக வேண்டும். போய், தலையை நிமிர்த்த வேண்டும். கோயிலுக்கு வருகிறவர்களோ தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, பிரசாத வரிசை எங்கே என்று பார்க்கிற அவசரத்தில் இருக்கிறோம்.

இவ்வளவு நேரம் சிங்காதனம், சிங்காதனம் என்று சொல்லிவருகிறேனே, அந்தப் பெயர் எப்படித் தெரியும்?

அவரே எழுதிவைத்திருக்கிறார். வணங்குகிற கோலத்தில் தன் உருவத்தை எழுதி, பக்கத்தில் பெயரையும் போட்டிருக்கிறார். இது எவ்வளவு அபூர்வம் என்பதை உணர இந்த ஊர்ப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ராசராசன் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் பெயர் உண்டு. இன்ன சிறகில் இன்ன வீடு என்று கதவு எண் மாதிரி கணக்கு உண்டு. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லன் பெயர் உண்டு. நாவிதர், துணி வெளுப்பவர், தையற்காரர், குடை பிடிப்பவர் என்று வேலைக்கு வேலை ஏற்பாடு உண்டு. அதே கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில், வெள்ளை யானை மேல் சுந்தரர் கயிலைக்குப் போகிற அந்த அற்புதச் சோழர் ஓவியத்தை எழுதிய கை யாருடையது? பெயர் இல்லை. அந்த ஓவியமே நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1931-இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமியின் கண்ணில் பட்டது. ஓவியம் திரும்பி வந்தது, ஓவியன் திரும்பவில்லை.

ஆரூரில் ஓவியர் தப்பிவிட்டார். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆரூர்ப் பெருமான் தன்னை மறைத்துக்கொள்வதில் பேர்போனவர். வருடம் முழுக்க முகம் மட்டும்தான் தரிசனம். மேனியெல்லாம் பூவும் துணியும். மார்கழித் திருவாதிரைக்கு ஒரு பாதம், பங்குனி உத்திரத்துக்கு மறு பாதம். ஆரூர் ரகசியம் என்று பெயரே உண்டு. சாமி இவ்வளவு மறைந்து உட்கார்ந்திருக்கிற கோயிலில், சாமியை எழுத வந்தவர் தலை முதல் கால் வரை தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்!

பெயரையும் கவனியுங்கள். சிங்காதனம் என்றால் அரியணை. ஆரூர்த் தியாகராசருக்கு உரிய அங்கப் பொருள்களில் இரத்தின சிங்காதனமும் ஒன்று. அவர் பெற்றோர் அந்த நினைவிலேயே பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கலாம். சாமி உட்காரும் இருக்கையின் பெயரைத் தாங்கிய ஒருவர் சாமி பூலோகம் வந்த கதையை எழுதினார். கதை எழுதுகிறவன் கற்பனை செய்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வைக்கத் துணிய மாட்டான்.

அந்தக் கூரையோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் ஓக்காஜி. சகஜி காலத்தில் இந்த வேலையைச் செய்வித்தவர். சகஜி 1684 முதல் 1712 வரை ஆண்டார். அவருக்கு ஆரூர்ப் பெருமான் மேல் தனிப் பித்து; பல்லகி சேவா பிரபந்தம் என்ற அவருடைய தெலுங்கு இசை நாடகமே தியாகராசரைப் பாடுவதுதான். மன்னர் வீட்டில் பேசியது மராட்டி, மேடையில் பாடியது தெலுங்கு, கூரையில் எழுதியது தமிழ். காவிரித் தண்ணீரில் மூன்றும் கலந்து ஓடிய காலம் அது. ஆரூரிலேதான் இன்னும் ஒரு நூற்றாண்டு போவதற்குள் இசை மேதைகள் தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பிறந்தார்கள். மூவருக்கும் ஆரூரில் வீடு இருக்கிறது, ஆராதனை இருக்கிறது. நல்லது, இருக்கட்டும். அதே ஊர்க் கூரைக்காரருக்கும் ஏதாவது இருந்தால் தேவலை.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. டெல்டாவில் ஓவியம் எழுதுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று யோசித்தது உண்டா? ஐப்பசி பிறந்தால் அடைமழை. கார்த்திகை வரை நின்று பெய்யும். வயலெல்லாம் தண்ணீர், வாய்க்காலெல்லாம் தண்ணீர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது ஆரூர் வழக்கு. அதாவது கோயில் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் பக்கத்திலேயே நிற்கிறது. நெல்லுக்கு உயிரான அதே தண்ணீர் சுண்ணாம்புக் காரைக்கு எமன். மேல்தளத்தில் ஒரு கீறல் போதும். ஓதம் இறங்கும், காரை உப்பும், உப்புப் பூக்கும், பிறகு ஒரு நாள் ஒரு தேவலோகப் பெண்ணின் பாதி முகம் தரையில் பொடியாகக் கிடக்கும். போதாததற்கு வௌவால், விளக்குப் புகை, திருவிழாவுக்குத் திருவிழா மாட்டப்படும் ஆணியும் கம்பியும்.

மனிதக் கைக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு: வெள்ளைச் சுண்ணாம்பு. கும்பாபிஷேகம் வருகிறது, பழசெல்லாம் அழுக்கு, அடித்துவிடு. தமிழ்நாட்டில் எத்தனை கோயில் ஓவியங்கள் இந்த நல்ல எண்ணத்துக்குப் பலியாயின! கல்வெட்டு எழுத்துகளை மணல்வீச்சு அரித்தது தனிக் கதை. அழிக்க வந்தவன் அழித்ததைவிட, புதுப்பிக்க வந்தவன் அழித்தது அதிகம் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

தேவாசிரிய மண்டபத்திலும் ஒரு பகுதி போயே போய்விட்டது. மிச்சம் இருப்பது நம் கைக்கு வந்ததற்குச் சிலர் காரணம். புகைப்படக் கலைஞர் வி.கே. ராஜாமணி அந்தக் கூரையைக் காட்சி காட்சியாகப் படம் பிடித்தார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் அறிந்த ஆய்வாளர் டேவிட் ஷுல்மன் அவரோடு சேர்ந்து எழுதினார். பிரக்ருதி ஃபவுண்டேஷன் அந்த நூலை 2011-இல் வெளியிட்டது. அதே அமைப்பின் முயற்சியில் இன்டாக் நிறுவனத்தின் வல்லுநர்கள் ஓவியங்களைத் துலக்கிப் பாதுகாத்தார்கள். இந்த மாதிரி வேலை எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் மேல்தளத்தில் ஒழுகலை அடைக்க வேண்டும். அது முடியாமல் கீழே எதைச் செய்தாலும் வீண். பிறகு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, புகைப்படலத்தை விரல் அகலம் விரல் அகலமாக எடுப்பார்கள். காரை கல்லைவிட்டுப் பெயர்ந்து தொங்குகிற இடத்தில் ஊசியால் சுண்ணாம்புச் சாந்தைப் பின்னால் செலுத்தி, பஞ்சு வைத்து அணைத்துப் பிடிப்பார்கள். காணாமல் போன மூக்கையும் கண்ணையும் புதிதாக எழுதிச் சேர்க்க மாட்டார்கள். போனது போனதாக வெறுமையாகவே இருக்கும்.

அப்படி விட்டது சரிதானா என்று ஆரூர்க்காரர் ஒருவர் கேட்கலாம். சாமி படம் பாதியாக இருக்கலாமா, எங்கள் ஊரில் நல்ல ஓவியர்கள் இல்லையா, எழுதிச் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அந்தக் கூரையின் கதைக்குள்ளேயே இருக்கிறது. தேவதச்சனே ஆறு முறை செய்து பார்த்தான். அச்சு அசலாகத்தான் செய்தான். குரங்கு முகத்துச் சோழன் என்ன சொன்னான்?

அடுத்த முறை ஆரூர் போனால் ஒரு துண்டை மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தேவாசிரிய மண்டபத்தில் நின்றபடி பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தூணோரமாகத் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். யாராவது என்ன என்று கேட்டால் மேலே கையைக் காட்டுங்கள். கயிலாயத்து வில்வ மரத்தில் தொடங்கி, இந்திரன் சபை வழியாக, வாணவேடிக்கை வரை மெதுவாகக் கண்ணை நடத்துங்கள். கண் பழகியதும், நகையும் மகுடமும் இல்லாமல் கைகூப்பி நிற்கிற ஒருவரைத் தேடுங்கள். பக்கத்தில் தமிழில் பெயர் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.